ஏழைகளின் தோழர் பிரெடெரிக் ஓசானாம்

நமது பங்கின் பொன்விழா மலரில் ஆலயம் எழுந்த வரலாறும், இங்கே பணியாற்றிய குருக்களின் தொண்டும், பக்த சபைகளின் அறிக்கைகளும் இடம் பெறுகின்றன. அச்சபைகளின் வரிசையில் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் பெயரும் இருக்கிறது. ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் பின் பக்கத்து அறையில் கூடி, செபித்து, பையில் காணிக்கை போட்டு, இந்த வாரம் எந்த வீட்டுக்குச் செல்வது என்று பேசிக் கலையும் அந்தச் சிறு கூட்டத்தை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் இச்சபையைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் புனித வின்சென்ட் என்றே விடை சொல்வோம். அது சரியன்று. புனித வின்சென்ட் 1660-ஆம் ஆண்டிலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார். அவர் பெயரைத் தாங்கிய இச்சபை தோன்றியதோ 1833-ஆம் ஆண்டில். அதைத் தோற்றுவித்தவர்கள் குருக்களும் அல்லர், துறவியரும் அல்லர். பாரிஸ் மாநகரில் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்கள் அவர்கள். அவர்களுள் முதன்மையானவர் முத்திப்பேறு பெற்ற பிரெடெரிக் ஓசானாம். அன்று அவருக்கு வயது இருபது.

1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் ஓசானாமுக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். உலக இளைஞர் மாநாட்டுக்காக இளைஞர்கள் அந்நகரில் திரண்டிருந்த நேரம் அது. அன்று நாம் குருமட மாணவராயிருந்தோம். உணவறையில் அச்செய்தி வாசிக்கப்பட்டபோது, மனைவியும் மகளும் உள்ள ஒரு கல்லூரிப் பேராசிரியரா பீடத்தில் வைக்கப்படுகிறார் என்று வியந்தோம். அவருடைய வாழ்வை ஊன்றிப் படித்தபின் அந்த வியப்பு நீங்கியது. வேறொரு வியப்பு வந்தது. அதனைப் பங்கு மக்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

பிரெடெரிக் 1813-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் இத்தாலி நாட்டு மிலான் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரெஞ்சு நாட்டவர். தந்தை நெப்போலியன் படையில் பணிபுரிந்து, பின்னர் மருத்துவம் பயின்று மருத்துவரானவர். அக்குடும்பத்தில் பிறந்த பதினான்கு குழந்தைகளில் பிரெடெரிக் ஐந்தாமவர். அவர்களுள் பெரும்பாலோர் சிறு வயதிலேயே மறைந்துவிட்டனர். எஞ்சியவர்களில் மூத்தவரான அல்போன்ஸ் குருவானார். இளையவரான சார்ல் தந்தையைப் போல மருத்துவரானார். 1816-இல் குடும்பம் பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குத் திரும்பியது. பட்டு நெசவுக்குப் பேர்போன நகரம் அது. நெசவாளர் வறுமைக்கும் அது பேர்போனது.

தந்தை ஏழை நோயாளிகளிடம் கட்டணம் கேட்பதில்லை. தாயும் நோயுற்ற ஏழைகளை வீடு தேடிச் சென்று பார்ப்பார். இருவருக்கும் வயதானபோது, இனி நான்காம் மாடிக்கு மேல் ஏறுவதில்லை என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டனராம். ஏழைகள் குடியிருப்பது மேல் மாடிகளில்தானே! ஒருநாள் அதற்கும் மேலுள்ள ஒரு மாடியில் இருவரும் எதிரெதிரே சந்தித்து, வாக்குத் தவறியவர்களாய்ச் சிரித்துக்கொண்டனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1837-இல் ஏழை நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்ற தந்தை படிக்கட்டில் விழுந்து, அதனாலேயே உயிர் துறந்தார். பிள்ளைக்கு முதல் மறைக்கல்வி எங்கே கிடைத்தது என்று இதற்கு மேலும் விளக்கவேண்டுமோ?

ஆயினும் பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சோதனை வராது என்பதில்லை. பள்ளிப் பருவத்தில் பிரெடெரிக்கை விசுவாச ஐயங்கள் கடுமையாக வாட்டின. நம் மதம் உண்மைதானா என்ற கேள்வி இரவில் உறக்கத்தைக் கெடுத்தது. நுவாரோ என்னும் குரு அவருக்குத் தத்துவ ஆசிரியர். அவர் மாணவனை அதட்டவில்லை, ஐயப்படுவது பாவம் என்று வாயை அடைக்கவுமில்லை. நீண்ட நடைப்பயணங்களில் அவனை உடன் அழைத்துச் சென்று, கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, படிப்படியாக ஒளிக்குக் கொண்டு வந்தார். மனத்தில் அமைதி திரும்பியபோது, தன் வாழ்நாளை உண்மையின் பணிக்கே தருவதாகப் பிரெடெரிக் இறைவனுக்கு வாக்களித்தார்.

பாரிஸ் நகரில்

1831-ஆம் ஆண்டின் இறுதியில், தந்தையின் விருப்பப்படி சட்டம் பயிலப் பாரிஸ் சென்றார். வயது பதினெட்டு. ஊரை விட்டுத் தொலைதூரக் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் தனிமையை நாம் அறிவோம். அவரும் அதே தனிமையை அனுபவித்தார். 1830-இல் நடந்த புரட்சியின் சூடு இன்னும் ஆறாத காலம். பேராசிரியர் சிலர் வகுப்பிலேயே திருச்சபையைப் பழித்துப் பேசினர். கத்தோலிக்க மாணவன் தன்னை அப்படி வெளிக்காட்டிக்கொள்ளவே கூசிய நாட்கள் அவை.

நல்வாய்ப்பாக, அந்த்ரே மரி ஆம்பியர் என்னும் பெரும் விஞ்ஞானியின் இல்லத்தில் அவருக்குத் தங்க இடம் கிடைத்தது. மின்னோட்டத்தின் அளவை நாம் இன்றும் 'ஆம்பியர்' என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்கு உரியவர் இவரே. ஒருநாள் மனம் சோர்ந்து புனித எத்தியேன் ஆலயத்துள் நுழைந்த ஓசானாம், அங்கே ஓர் ஓரத்தில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த முதியவரைக் கண்டார். அவர் ஆம்பியர்தான். அத்தனை அறிஞர் ஒருவர் ஏழைக் கிழவியைப் போல மணிகளை உருட்டியதைக் கண்டதும் இளைஞரின் சோர்வு அகன்றது என்பர்.

1832-இல் பாரிசில் காலரா பரவியது. சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குறுகிய தெருக்களில், காற்றும் நீருமற்ற அறைகளில் அடைந்து கிடந்த ஏழைகளே மிகுதியாக மடிந்தனர். மாணவர் ஓசானாம் இதைக் கண்ணால் கண்டார்.

ஒரு கேள்வி

அக்காலத்தில் எம்மானுவேல் பாயி என்னும் கத்தோலிக்கர் பாரிசில் பத்திரிகை ஒன்றை நடத்தி வந்தார். அச்சகமும் மாணவர் விடுதியும் அவருக்கு இருந்தன. மாணவர்கள்மீது தகப்பனைப் போன்ற பரிவுள்ளவர். அவருடைய ஆதரவில் வாரந்தோறும் மாணவர் சொற்போர் மன்றம் ஒன்று கூடியது. விசுவாசிகளும் விசுவாசமற்றவர்களும் ஒன்றாக அமர்ந்து, வரலாறு, இலக்கியம், தத்துவம் பற்றி வாதிடுவர். ஓசானாம் அங்கே சிறந்த பேச்சாளர்.

ஒருநாள் அவர் திருச்சபை உலகுக்குச் செய்த நன்மைகளை அடுக்கிப் பேசினார். அப்போது எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர் எழுந்து, திருச்சபை முற்காலத்தில் நன்மை செய்தது உண்மையே என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள், உங்கள் விசுவாசத்தின் பலனாக நாங்கள் காணக்கூடிய செயல் எங்கே என்று கேட்டார்.

ஓசானாமிடம் விடையில்லை. நாவன்மை மிக்கவர், வேண்டுமானால் ஏதேனும் சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவர் நேர்மையானவர். கேட்டவர் பகைவரே ஆயினும் கேள்வி நியாயமானது என்று உணர்ந்தார். கூட்டம் முடிந்து தெருவில் நடக்கும்போது, பேசியது போதும், இனி ஏதேனும் செய்யவேண்டும் என்று நண்பர்களிடம் கூறினார். அன்று இரவே அவரும் ஒகுஸ்த் லெ தையாந்தியே என்ற நண்பரும், குளிர்காலத்துக்கென வாங்கி வைத்ததில் எஞ்சியிருந்த விறகைத் தாங்களே சுமந்து சென்று, தாங்கள் அறிந்த ஓர் ஏழையின் வீட்டில் கொடுத்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். உலகம் முழுவதும் பரவவிருந்த ஒரு சபையின் முதற் செயல் ஒரு சுமை விறகே!

எழுவர் கூடினர்

1833-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை மாலை, பாயியின் பத்திரிகை அலுவலகத்தில் எழுவர் கூடினர். ஓசானாம், லெ தையாந்தியே, பால் லமாஷ், பிரான்சுவா லாலியே, ஜூல் தெவோ, பெலிக்ஸ் கிளாவே ஆகிய ஆறு மாணவர்களும், தலைவராகப் பாயியும் அதில் இருந்தனர். பாயிக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மற்ற அறுவரும் இளைஞர்கள். அன்று ஓசானாமின் இருபதாவது பிறந்தநாள்.

தூய ஆவியாரை நோக்கிச் செபம். 'கிறிஸ்துநாதர் அநுசாரம்' நூலிலிருந்து சிறு வாசகம். பின்னர் எந்தக் குடும்பத்தைச் சந்திப்பது என்ற ஆலோசனை. முடிவில் ஒவ்வொருவரும் எவ்வளவு போட்டார் என்று எவரும் அறியாதபடி மறைவான காணிக்கை. இன்று நம் பங்கில் ஞாயிறுதோறும் நடப்பதும் இதுவே. எழுவர் வகுத்த ஒழுங்கு இன்றுவரை பெரிதும் மாறவில்லை.

ஆர்வம் இருந்தது, ஆனால் ஏழைகளை எங்கே தேடுவது, அவர்களோடு எப்படிப் பேசுவது என்பது அந்த இளைஞருக்குத் தெரியாது. ஆகவே தெவோ, முப்தார் தெருப் பகுதியில் பணிபுரிந்த அருட்சகோதரி ரோசலி ரெந்தியுவிடம் அனுப்பப்பட்டார். புனித வின்சென்டின் பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்த அக்கன்னியர், பாரிசின் மிக வறிய பகுதியில் பல ஆண்டுகளாக ஏழைகளுக்குத் தாயாக விளங்கியவர். அவர் குடும்பங்களின் பட்டியலைத் தந்தார். ரொட்டிக்கும் இறைச்சிக்கும் உரிய சீட்டுகளை முதலில் கடனாகக் கொடுத்து உதவினார். அதற்கும் மேலாக, ஏழையின் வீட்டில் எப்படி நுழைவது, எப்படி உட்கார்ந்து கேட்பது, அறிவுரையைக் குறைத்து அன்பை எப்படிக் கூட்டுவது என்று கற்றுக்கொடுத்தார். அவருக்கும் 2003-இல் முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது.

ஓசானாமுக்குக் கிடைத்த முதற் குடும்பத்தில், குடிகாரக் கணவன் ஒருவன் மனைவியை அடித்து, அவள் உழைத்துக் கொண்டுவந்த காசையும் பிடுங்கிக் குடித்து வந்தான். பிள்ளைகள் பட்டினி. சட்ட மாணவரான ஓசானாம் விசாரித்தபோது, அவர்களுடைய திருமணம் சட்டப்படி நடந்ததே இல்லை என்று தெரிய வந்தது. அவர் அதிகாரிகளை அணுகி அப்பெண்ணுக்கு விடுதலை பெற்றுத் தந்தார். நண்பர்கள் பணம் திரட்டி அவளையும் சிறு பிள்ளைகளையும் அவளது சொந்த நாட்டுப்புறமான பிரித்தானிப் பகுதிக்கு அனுப்பி வைத்தனர். மூத்த பையன்களுக்குப் பாயியின் அச்சகத்தில் வேலை கிடைத்தது. ரொட்டிச் சீட்டோடு அவர் நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தாம் கற்ற கல்வியையும், நண்பர்களின் பணத்தையும், மூத்தவர் ஒருவரின் அச்சகத்தையும் ஒன்று சேர்த்து ஒரு குடும்பத்தைக் கரையேற்றினார். தனிமரம் தோப்பாகாது என்பர். தனி ஒருவரால் இதைச் செய்திருக்க இயலாது.

எட்டாமவர்

இந்த இளைஞர்கள் சபை தொடங்கியது ஏழைகளுக்காக மட்டும் என்று எண்ணுவது பிழை. விசுவாசம் ஏளனம் செய்யப்பட்ட நகரில் ஒருவர் மற்றவருடைய விசுவாசத்தைக் காப்பதற்காகவும் அவர்கள் கூடினர். ஏழைகளுக்குச் செய்யும் தொண்டு அவர்களுடைய நட்பைக் கட்டிக் காக்கும் கயிறாக இருந்தது. ஒன்றாகப் படிக்கட்டுகள் ஏறி, ஒன்றாகக் கண்ணீரைக் கண்டு, ஒன்றாகத் திரும்பி வந்தவர்களுக்குள் தோன்றும் நட்பு எளிதில் அறுவதில்லை.

ஆனால் அந்த இனிய நட்பிலேயே ஒரு சோதனையும் இருந்தது. சில வாரங்களில் எட்டாவது மாணவர் ஒருவர் தம்மையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். எழுவருள் சிலர் தயங்கினர். இவ்வளவு நெருக்கமாக, ஒரே மனத்தோடு இருக்கிறோமே. புதியவர் வந்தால் இந்த இனிமை கெட்டுவிடாதா என்று அஞ்சினர். தீய எண்ணத்தால் வந்த அச்சமன்று அது. நட்பின்மீது கொண்ட பற்றால் வந்தது. ஆயினும் அன்று கதவு சாத்தப்பட்டிருந்தால், அச்சபை எழுவரோடு தொடங்கி எழுவரோடு முடிந்திருக்கும். எட்டாமவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார். அவருக்குப் பின் பலர் வந்தனர். 1834-இன் தொடக்கத்தில் புனித வின்சென்டைப் பாதுகாவலராக ஏற்றனர். அவ்வாண்டு முடிவதற்குள் உறுப்பினர் எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

இப்போது இன்னும் பெரிய சோதனை எழுந்தது. நூறு பேர் ஓர் அறையில் கூடினால் ஒருவரையொருவர் அறிவது எப்படி? ஏழைக் குடும்பங்களைப் பற்றி அமைதியாகப் பேசுவது எப்படி? பல கிளைகளாகப் பிரியவேண்டும் என்று ஓசானாம் கூறினார். 1834 டிசம்பர் கூட்டங்களில் இதுபற்றிக் கடும் வாதம் நடந்தது. பிரிந்தால் நட்பு அழியும் என்று வேண்டிய நண்பர்களே எதிர்த்தனர்; சிலருக்குக் கண்ணீர் வந்தது. நண்பர்களை இழக்க நேருமோ என்ற வேதனை ஓசானாமுக்கும் இருந்தது. ஆனாலும் அவர் தம் கருத்தை விடவில்லை. 1835-இல் சபை பிரிந்தது. புனித எத்தியேன் ஆலயத்தையும் புனித சுல்பிஸ் ஆலயத்தையும் சார்ந்து தனித்தனிக் கிளைகள் கூடின. பங்குதோறும் ஒரு கிளை என்று இன்று நாம் காணும் அமைப்புக்கு வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது. அவ்வாண்டிலேயே லாலியேயும் பாயியும் சபையின் ஒழுங்குகளை எழுத்தில் வடித்தனர்.

நட்பு அழிந்ததா? இல்லை. படிப்பு முடிந்து மாணவர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பியபோது, ஒவ்வொருவரும் சென்ற இடத்தில் ஒரு கிளையைத் தொடங்கினர். 1836-இல் ரோமையிலும், 1844-இல் டப்ளினிலும் இலண்டனிலும், 1845-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசிலும் சபை தோன்றியது. லமாஷ் பிற்காலத்தில் சட்டப் பேராசிரியராகி, எழுவருள் கடைசியாக மறைந்தார். லாலியே ஓசானாமுக்கு வாழ்நாள் முழுவதும் உற்ற நண்பராயிருந்தார். இருவருக்குமிடையே எத்தனையோ கடிதங்கள் சென்று வந்தன. திறந்த கதவு நட்பை அழிக்கவில்லை. அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தது.

இங்கே ஒன்றைக் குறிப்பிடவேண்டும். சபையின் உயிராக இருந்த ஓசானாம், அதன் அனைத்துலகத் தலைவராக ஒருநாளும் இருந்ததில்லை. முதலில் பாயி, அவருக்குப் பின் வேறு சிலர். தம்மை ஸ்தாபகர் என்று பிறர் அழைப்பதையும் அவர் விரும்பியதில்லை. பதவிக்காகச் சபைகள் பிளவுபடும் நம் நாட்களில் இது சிந்திக்கத்தக்கது.

பேராசிரியர், கணவர், தந்தை

1836-இல் சட்டத்திலும், 1839-இல் இலக்கியத்திலும் முனைவர் பட்டம் பெற்றார். தாந்தே என்னும் இத்தாலிய மகாகவியைப் பற்றியது அவரது இலக்கிய ஆய்வு. லியோனில் வணிகச் சட்டம் கற்பித்தபோது, தொழிலாளியைக் கருவியாகப் பாவிப்பது தவறென்றும், அவன் குடும்பம் வாழப் போதிய கூலி கொடுப்பது நீதியின் கடமை என்றும் போதித்தார். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் பற்றிய சுற்றுமடலை 1891-இல் வெளியிடுவதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதை அவர் கற்பித்தார். 1840-இல் கடினமான போட்டித் தேர்வில் முதலிடம் பெற்றுப் பாரிஸ் சொர்போன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். 1844-இல் அயல்நாட்டு இலக்கியத் துறையின் முழுப் பேராசிரியரானார். ஒரு காலத்தில் கத்தோலிக்கர் தலைகுனிந்து நடந்த அதே இடத்தில், விசுவாசமற்ற மாணவரும் விரும்பிக் கேட்கும் பேராசிரியராய் விளங்கினார்.

குருவாகலாமா, இல்லறம் ஏற்கலாமா என்று நெடுநாள் சிந்தித்தபின், 1841 ஜூன் 23-ஆம் நாள் லியோனில் அமேலி சூலாக்ருவா என்ற நங்கையை மணந்தார். திருமணம் நடந்த 23-ஆம் தேதியை மாதந்தோறும் நினைவுகூர்ந்து மனைவிக்கு மலர்க்கொத்து ஒன்று அளிப்பது அவர் வழக்கம். 1845-இல் மரி என்ற மகள் பிறந்தாள்.

ஒரு புத்தாண்டு நாளன்று நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறும் நிகழ்ச்சி இது. தாம் சந்தித்து வந்த ஏழைக் குடும்பம் ஒன்று, தங்களிடமிருந்த பழைய இழுப்பறைப் பெட்டியை அடகு வைத்துவிட்டதை அவர் அறிந்தார். நல்ல நாளில் வாழ்ந்ததன் அடையாளமாக அவர்களிடம் எஞ்சியிருந்தது அது ஒன்றே. அதை மீட்டுக் கொடுக்கலாமா என்று மனைவியிடம் கேட்டார். பணத்தைப் பத்திரப்படுத்துவதற்குத் தக்க காரணங்களை அமேலி சொன்னார், அவரும் இணங்கினார். மாலையில் மகளுக்கு வந்த பரிசுப் பொம்மைகளைச் சுற்றத்தார் காட்டியபோது அவர் முகம் வாடியது. தரப்பட்ட இனிப்பையும் உண்ணவில்லை. என்னவென்று கேட்ட மனைவியிடம், அந்தப் பெட்டி மனத்தை விட்டு அகலவில்லை என்றார். உடனே போய் மீட்டுவரும்படி அமேலியே அவரை அனுப்பினார். அவரும் மீட்டு, அக்குடும்பத்தின் வீட்டில் சேர்த்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்பினார். ஏழைக்குப் பசி மட்டுமல்ல, மானமும் உண்டு என்பதை அவர் அறிந்திருந்தார்.

1848: வேதனையின் ஆண்டு

1848 பிப்ரவரியில் மீண்டும் புரட்சி வெடித்தது. ஓசானாம் ஏழைத் தொழிலாளரின் பக்கம் நிற்கவேண்டும் என்று கத்தோலிக்கரை வேண்டினார். அருள்தந்தையர் லக்கோர்தேர், மரே ஆகியோருடன் சேர்ந்து 'புதிய யுகம்' என்ற பொருளுடைய பத்திரிகையைத் தொடங்கினார். செல்வரான கத்தோலிக்கர் பலர் இதனால் அவரை வெறுத்தனர். நண்பர் சிலரும் விலகினர்.

ஜூன் மாதத்தில் வேலையும் உணவும் இழந்த தொழிலாளர் தெருக்களில் தடுப்புகள் எழுப்பிப் போரிட்டனர். ஓசானாமும் தேசியக் காவற்படை உடையில் ஒரு தெருவில் காவல் நிற்க நேர்ந்தது. சகோதரர் சகோதரரைச் சுடுவதைப் பொறாத அவரும் நண்பர் இருவரும் பேராயர் ஆப்ர் ஆண்டகையிடம் சென்று, இரு தரப்பாரையும் சமாதானப்படுத்த வரவேண்டும் என்று மன்றாடினர். பேராயர் முன்பே அவ்வாறு எண்ணியிருந்தார், இசைந்தார். படை உடையிலிருந்தோர் தம்மோடு வரவேண்டாம் என்று அவர்களை நிறுத்திவிட்டு, ஜூன் 25-ஆம் நாள் தடுப்பை நோக்கிச் சென்றார். அங்கே குண்டு பாய்ந்து, 27-ஆம் நாள் உயிர் நீத்தார். நல்லெண்ணத்தோடு தாம் கேட்ட ஒன்று ஓர் ஆயரின் மரணத்தில் முடிந்த துயரத்தை ஓசானாம் சுமக்கவேண்டியதாயிற்று. ஆனால் அவர் ஒதுங்கிவிடவில்லை. 1849-இல் காலரா மீண்டும் பாரிசைத் தாக்கியபோது, அவருடைய சபைத் தோழர்கள் நோயாளிகளின் இல்லங்களுக்கு அஞ்சாது சென்றனர்.

இறுதி நாட்கள்

உழைப்பு அவர் உடலைத் தின்றது. 1852-இல் அவர் நோயுற்றுப் படுக்கையில் கிடக்கையில், வகுப்பு நடக்கவில்லை என்று மாணவர்கள் முறையிடுவதாகச் செய்தி வந்தது. மனைவியும் மருத்துவரும் தடுத்தும் கேளாமல் எழுந்து சென்று பாடம் நடத்தினார். அதுவே அவருடைய கடைசி வகுப்பு. பின்னர் உடல்நலம் தேடி இத்தாலி சென்றார். அங்கும் நடக்க முடிந்த நாட்களில், தாம் தங்கிய இடங்களிலுள்ள சபைக் கிளைகளைச் சந்தித்து ஊக்கமூட்டினார். 1853 ஏப்ரல் 23-ஆம் நாள், நாற்பது வயது நிறைந்த அன்று, பீசா நகரில் தம் வாழ்வை இறைவனிடம் ஒப்புக்கொடுத்து ஒரு செபத்தை எழுதினார். இளம் மனைவியையும் எட்டு வயது நிரம்பாத மகளையும் விட்டுச் செல்வது அவருக்கு எளிதாயிருக்கவில்லை. அந்தப் போராட்டத்தை அவர் மறைக்கவுமில்லை. முடிவில் இறைவனின் திருவுளத்துக்குப் பணிந்தார்.

தாய்நாட்டில் இறக்க விரும்பிய அவரைக் கப்பலில் மார்செய் துறைமுகத்துக்குக் கொண்டு வந்தனர். 1853 செப்டம்பர் 8-ஆம் நாள், தேவ தாயின் பிறப்புத் திருநாளன்று, அந்நகரிலேயே உயிர் நீத்தார். நம் மக்கள் வேளாங்கண்ணியில் திரளும் அந்நாளே ஓசானாமின் விண்ணகப் பிறந்தநாள் என்பதை இனி நினைவில் கொள்வோம். பாரிஸ் கார்மேல் ஆலயத்தின் நிலவறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

நமக்கு ஒரு கேள்வி

இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் அச்சபை பணியாற்றுகிறது. தமிழகத்துப் பங்குகள் பலவற்றிலும், நம் பங்கிலும் அது உண்டு. நம் சபையார் ஆற்றிய தொண்டை நாம் நன்றியோடு போற்றுகிறோம். எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், எத்தனை விதவைகளுக்கு மாதாந்தர அரிசி, எத்தனை ஏழைகளின் அடக்கச் செலவு! அவற்றைக் கணக்கிட்டு எழுதுவது அவர்கள் விரும்பாத செயல்.

ஆயினும் பொன்விழா ஆண்டில் ஒரு குறையை ஒப்புக்கொள்வது முறை. நாம் இப்பங்கின் பொறுப்பை ஏற்ற சில மாதங்களில், கல்லூரியில் பயிலும் நான்கைந்து இளைஞர்கள் சபையில் சேர விரும்பி வந்தனர். அவர்கள் கேள்விகள் நிறையக் கேட்டனர். கூட்டத்துக்குத் தாமதமாக வந்தனர். வயதில் மூத்த உறுப்பினர்கள் முகம் சுளித்தனர். படிப்பை முடித்துவிட்டு வாருங்கள், பார்க்கலாம் என்று நாமே அவர்களிடம் சொல்லி அனுப்பினோம். அமைதி காத்ததாக அன்று நமக்கு நினைப்பு. அவர்கள் படிப்பை முடித்தனர், வேலை தேடி வெளியூர் சென்றனர், திரும்பி வரவில்லை. இன்று நம் சபையில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர் மூவரே. மூத்தோரைக் குறை கூற மாட்டோம். மேய்ப்பரான நமது தவறே அதில் பெரிது. ஓசானாமின் வாழ்வில் எட்டாமவரின் கதையைப் படித்தபோது, நாம் திருப்பி அனுப்பிய அந்த இளைஞர்களின் முகங்களே நம் கண்முன் நின்றன.

ஓசானாமை நோக்கி எறியப்பட்ட கேள்வி இன்று நம்மை நோக்கியும் வருகிறது. ஐம்பது ஆண்டுகளாக நம் முன்னோர் செய்தவற்றை இம்மலரில் பெருமையோடு அச்சிடுகிறோம். நல்லது. இன்று நாம் என்ன செய்கிறோம்?

எனவே, அன்பார்ந்த இளைஞர்களே, நீங்கள் வாருங்கள். கேள்விகளோடு வாருங்கள், தாமதமானாலும் வாருங்கள். உங்கள் நண்பனையும் அழைத்து வாருங்கள். ஓர் ஏழையின் வீட்டுப் படியை இருவராக ஏறிப் பாருங்கள். உங்கள் நட்பு எவ்வளவு உறுதிப்படுகிறது என்பதை நீங்களே காண்பீர்கள். பெற்றோரே, படிப்பு கெடும் என்று அஞ்சவேண்டாம். ஓசானாமின் படிப்பு கெடவில்லை. மூத்த உறுப்பினர்களே, நீங்கள் பாயியைப் போல இருங்கள். உங்கள் அனுபவமின்றி இளைஞரின் ஆர்வம் வழி தவறும். நாமோ, இம்முறை எவரையும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று பங்கு மக்கள் அனைவர் முன்னிலையிலும் வாக்களிக்கிறோம்.

பொன்விழா நிறைவுக்குப் பின் வரும் முதல் ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்ததும், வழக்கமான அறையில் சபை கூடும். அறையின் கதவு திறந்திருக்கும்.

முத்திப்பேறு பெற்ற பிரெடெரிக் ஓசானாம் நமக்காகப் பரிந்து பேசுவாராக. இறைவன் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக.